கேமரா எங்கே நிற்கிறது?

லண்டன் நேஷனல் கேலரி ஓர் ஓவியத்தைப் பற்றி யூடியூபில் வீடியோ போட்டால், லண்டன்காரருக்கு அது அழைப்பிதழ் மாதிரி. சனிக்கிழமை டிராஃபால்கர் சதுக்கத்துக்குப் போய், டிக்கெட் எதுவும் வாங்காமல் அசலைப் பார்த்துவிட்டு, "வீடியோல சொன்ன அளவுக்கு ஒண்ணும் இல்லியே" என்று சொல்லிவிட்டுக்கூட வரலாம். வீடியோ சொன்னது சரியா என்று சோதிக்க அசல் அங்கே இருக்கிறது.

பட்டுக்கோட்டையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அந்த வசதி கிடையாது. நேஷனல் கேலரி விஷயத்தில் கிடையாது என்பது புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் ஒரத்தநாடு வழியாக பஸ் ஏறினால் ஐம்பது கிலோமீட்டருக்குள் வந்துவிடுகிற தஞ்சாவூர் விஷயத்திலும் கிடையாது. பெரிய கோயிலுக்குப் போகலாம், நந்தியைப் பார்க்கலாம், பெருவுடையாரைக் கும்பிடலாம். கருவறையைச் சுற்றி இரண்டு சுவர்களுக்கு நடுவே ஓடுகிற உள்சுற்றில் இருக்கும் சோழர் கால ஓவியங்களை மட்டும் பார்க்க முடியாது. பூட்டியிருக்கும். பூட்டியது சரிதான், ஆயிரம் வருஷத்துச் சுண்ணாம்புப் பூச்சின் முன்னால் தினமும் ஆயிரக்கணக்கான பேர் மூச்சு விட்டுக்கொண்டும் ஃபிளாஷ் அடித்துக்கொண்டும் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கோயில் வளாகத்தில் உள்ள விளக்க மையத்தில் புகைப்படங்கள் இருக்கின்றன. மற்றபடி நமக்கு வீடியோதான். முன்னுரையாக எடுக்கப்பட்டதை நாம் முழுப் புத்தகமாக வாசிக்கிறோம். அதனால் இந்த வகை வீடியோக்களைக் கொஞ்சம் கறாராகவே பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

'தஞ்சாவூர் ஓவியம்' என்று தேடினால் முதலில் வருவது இதுவே அல்ல. தங்கத்தாள் ஒட்டி, கல் பதித்து, தவழும் கிருஷ்ணனை எப்படிச் செய்வது என்கிற வீடியோக்கள்தான் வரிசையாக வரும். விற்பனைக்கு உள்ள பொருளுக்குத்தான் அல்காரிதத்தில் முன்வரிசை. 'பெரிய கோயில் சோழர் ஓவியம்' என்று தேட வேண்டும். அப்போது வருகிறவற்றுக்கு ஏறக்குறைய ஒரே அச்சு. ட்ரோன் விமானத்தைச் சுற்றி வரும். புல்லாங்குழலும் இடி மாதிரியான முரசும் சேர்ந்து ஒலிக்கும். 'ஆயிரம் ஆண்டு மர்மம்' என்று ஒரு கனத்த குரல் தொடங்கும். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி இருட்டான அந்தச் சுற்றுக்குள் போய், உதிர்ந்திருந்த நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் இன்னொரு ஓவியம் இருப்பதைக் கண்டுபிடித்த கதை விரிவாக வரும். நல்ல கதை, சொல்ல வேண்டியதும்கூட. ஆனால் கண்டுபிடிக்கப்பட்டது என்ன என்று காட்டும் நேரம் வரும்போது வீடியோ முடிகிற கட்டத்துக்கு வந்திருக்கும். சுந்தரர் முகத்தில் ஒரு ஜூம், ஆடும் பெண்களில் ஒரு ஜூம், திரிபுராந்தகர் கண்ணில் ஒரு ஜூம். ஒவ்வொன்றும் மூன்று நான்கு விநாடி. பிறகு திரும்பவும் ட்ரோன்.

இந்த வீடியோக்களிடம் நான் முதலில் கேட்பது: கேமரா எங்கே நிற்கிறது?

திரையில் நாம் பார்க்கும் அந்த முழுச் சுவர், நேர் எதிரே நின்று எடுத்த ஒரே படம்போலத் தெரிகிறது. அப்படி ஒரு இடம் உலகத்தில் இல்லை. அந்தச் சுற்று அவ்வளவு குறுகல். பின்னால் நகர்ந்து முழுச் சுவரையும் கண்ணுக்குள் அடக்கலாம் என்றால் முதுகு எதிர்ச்சுவரில் இடித்துக்கொள்ளும். கேமராவுக்கும் அதே கதிதான். துண்டு துண்டாக எடுத்து, பிறகு கணினியில் ஒட்டித்தான் முழுப்படம் கிடைக்கும். இப்படிப் படங்களை ஒட்டும் மென்பொருளோடு கொஞ்ச காலம் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டு படங்களில் பொதுவாக உள்ள புள்ளிகளைக் கண்டுபிடிப்பது, லென்ஸின் வளைவை நிமிர்த்துவது, கீழிருந்து பார்த்ததால் மேலே ஒடுங்கியதை இழுத்துச் சமமாக்குவது, வெளிச்சத்தை ஒன்றுபோல ஆக்குவது என்று எல்லாம் முடிந்தபின் வருவது மிக உபயோகமான ஒரு வரைபடம். ஆய்வாளருக்கு அது பொக்கிஷம். ஆனால் அது யாருடைய பார்வையும் அல்ல. அதை வரைந்த ஓவியர்கள் அந்தச் சுவரை அப்படிப் பார்த்ததில்லை. ராஜராஜனே வந்திருந்தாலும் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்க முடியும்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. சொல்லாமல் விடுவதுதான் குறை. ஏனென்றால் அந்த நெருக்கத்தை மனதில் வைத்துப் பார்த்தால் ஓவியமே வேறாகிவிடுகிறது. சுந்தரர் கதைச் சுவரில் கீழே மண்ணுலகம், மேலே கைலாயம். புத்தூரில் கல்யாணம் நடக்கப்போகிறது, கிழவர் ஒருவர் ஓலையோடு வந்து நிற்கிறார், வழக்கு நடக்கிறது. இதெல்லாம் கீழ்ப்பகுதியில். மேலே சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் போகிறார்கள். அதற்கும் மேலே சிவன். சுவரோரம் நிற்பவருக்குக் கல்யாண வீடு பக்கத்து வீடு மாதிரி இருக்கும். கைலாயத்தைப் பார்க்க அண்ணாந்தாக வேண்டும். கழுத்து வலிக்கிற தூரத்தில் இருக்கிறது முக்தி. இது ஓவியர் போட்ட கணக்கா, சுவரின் உயரம் தானாகத் தந்ததா என்று நாம் விவாதிக்கலாம். திரையிலோ இரண்டும் பதினாறுக்கு ஒன்பது சட்டகத்துக்குள் சமமாகப் படுத்துக் கிடப்பதால் அந்த விவாதத்துக்கே இடமில்லாமல் போகிறது.

எளிமையான ஒரு தீர்வு உண்டு. ஸ்மார்ட்ஹிஸ்டரி என்று ஒரு தளம். பெத் ஹாரிஸ், ஸ்டீவன் ஜுக்கர் என்ற இரண்டு கலை வரலாற்றாசிரியர்கள் 2005இல் தொடங்கியது. தொழில்நுட்பரீதியாக அவர்களுடைய பல வீடியோக்கள் பரம ஏழை. அசையாத புகைப்படங்கள், பின்னால் இரண்டு பேர் பேசும் குரல். எழுதிவைத்து வாசிப்பதில்லை. ஆனால் பெரும்பாலும் முதல் வாக்கியத்திலேயே எந்த ஊரில், எந்தக் கூடத்தில், எதற்கு முன்னால் நிற்கிறோம் என்று சொல்லிவிடுகிறார்கள். அது பெரியதா சின்னதா, எவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்கிறது என்று பேச்சோடு பேச்சாக வந்துவிடும். இரண்டு பேராக இருப்பதில் இன்னொரு நன்மை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிக் கேட்கலாம், "எனக்கு அப்படித் தெரியல" எனலாம். வில்லுப்பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்து 'ஆமா' போடுகிறவரின் வேலை வெறும் தலையாட்டல் என்று நினைக்கிறோம். நடுவில் ஒரு கேள்வி கேட்டுக் கதையைத் திருப்பிவிடுவதும் அவர்தான். நம் வீடியோக்களின் கனத்த குரலுக்கு அப்படி ஒரு பக்கத்து ஆள் இல்லை.

அப்படி ஒருவர் இருந்திருந்தால் கேட்டிருக்கக்கூடிய முதல் கேள்வி, நரைத்த தாடியோடு முன்னால் நிற்கும் பெரியவரையும் அவருக்குப் பின்னால் நிற்கும் இளையவரையும் பற்றியதாக இருந்திருக்கும். இந்த இரட்டை உருவத்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அட்டைப்படங்களிலும் வாட்ஸப் முகப்புகளிலும் பார்த்திருப்பீர்கள். 'ராஜராஜ சோழனும் அவர் குரு கருவூர்த்தேவரும்' என்று வீடியோக்கள் எழுத்துப் போட்டே காட்டுகின்றன. சுவரில் அப்படி எழுத்து எதுவும் இல்லை. கருவூர்த்தேவர் ராஜராஜேச்சரத்தைப் பாடியவர் என்பது உண்மை. அதிலிருந்து ஆய்வாளர்கள் செய்த ஒரு ஊகம் இது. ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. ராஜராஜனின் முகம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள நமக்கு இருக்கும் ஆசை புரிகிறது, எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் 'இருக்கலாம்' என்ற ஒரு சொல்லை வெட்டிவிட்டதில், அடுத்து வந்த சிலைகள், சினிமா போஸ்டர்கள், இப்போது செயற்கை நுண்ணறிவு வரைந்து தரும் 'நிஜ ராஜராஜன்' வரை எல்லாமே அந்த ஒரு வெட்டின் மேல் நிற்கின்றன. அதைவிடப் பெரிய நஷ்டம், யார் என்று தெரிந்துவிட்டதால் அந்த இரண்டு முகங்களை யாரும் பார்ப்பதில்லை. பெரியவரின் தலை எவ்வளவு மெல்லிய கோட்டில் நிற்கிறது, இளையவரை ஏன் பாதி மறைத்து வரைந்திருக்கிறார்கள் என்று கேட்பதற்குள் எழுத்து வந்து, படம் மாறிவிடும்.

கதை விஷயத்துக்கு வருகிறேன். 'பெரியபுராணத்தில் வரும் தடுத்தாட்கொண்ட காட்சியை ஓவியர்கள் தத்ரூபமாகத் தீட்டியிருக்கிறார்கள்.' இந்த வாக்கியம், அல்லது இதன் அண்ணன் தம்பி, அநேகமாக எல்லா வீடியோவிலும் உண்டு. கோயில் 1010இல் முடிந்தது. ஓவியங்கள் அதை ஒட்டியவை என்றுதான் பொதுவாகக் கணிக்கிறார்கள். சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில். நூறு வருஷத்துக்கும் மேல் இடைவெளி. இன்னும் எழுதப்படாத புத்தகத்துக்கு எப்படி ஓவியம் போட முடியும்? சுந்தரரின் பதிகங்களில் திருவெண்ணெய்நல்லூரில் ஆட்கொள்ளப்பட்டது பற்றிய குறிப்புகள் இருக்கின்றன. அவருடைய திருத்தொண்டத்தொகை அடியார்களின் பெயர் அடுக்கு. கல்யாணப் பந்தலும் சமையலும் வழக்கு மன்றமுமாக விரிகிற கதை, இந்தச் சுவரில் சேக்கிழாருக்கு முன்பே இருக்கிறது. சேக்கிழாரைக் குறைத்துச் சொல்லவில்லை. ஓவியம் எப்போதும் ஏதோ ஒரு நூலுக்குப் பின்னால் பொழிப்புரைபோல நடந்து வருவது என்கிற நம் பழக்கத்தைச் சொல்கிறேன். இலக்கிய வாசகர்களான நமக்கு அந்த வியாதி கொஞ்சம் அதிகம். படத்தைப் பார்த்ததும் மூலநூலைத் தேடுவோம். நூல் கிடைத்ததும் படத்தை விட்டுவிடுவோம்.

போன பொங்கலுக்கு வீட்டு டிவியில் இந்த வீடியோக்களில் ஒன்றைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அத்தை. எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் சமையல்கட்டை மேற்பார்த்தே முடி நரைத்தவர். சுந்தரர் கல்யாணத்துச் சமையல் காட்சி, பெரிய பெரிய பாத்திரங்களும் ஆட்களுமாக, ஒரு நொடி வந்து போனது. "அந்தக் கால அன்றாட வாழ்க்கையையும் காணலாம்" என்றது குரல்.

"நிறுத்துப்பா. அந்த அடுப்ப திரும்பக் காட்டு."

பின்னால் தள்ளி நிறுத்தினேன். அத்தை எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"கல்யாணந்தான் நின்னுபோச்சே. ஆக்குன சோத்த என்னப்பா பண்ணுனாங்க?"

நான் வாசித்த எந்தக் கலை வரலாற்று நூலிலும் இந்தக் கேள்வி இல்லை. ஆனால் ஓவியரிடம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். சாமி வந்து கல்யாணத்தை நிறுத்தியதைச் சொல்ல மாப்பிள்ளையும் கிழவரும் ஓலையும் போதும். அடுப்பும் பாத்திரமும் எதற்கு? நெல் விளைகிற ஊரின் சுவரில், நின்றுபோன கல்யாணத்தின் எடையைக் காட்ட அவருக்குத் தெரிந்த வழி அது என்று எனக்குப் படுகிறது. மணப்பெண்ணின் அழுகையைவிட ஆக்கி வைத்த சோறு கனமாக இருக்கிறது. இந்த வாசிப்பு தப்பாகக்கூட இருக்கலாம். ஆனால் படத்தை நிறுத்தாமல் இங்கே வந்து சேர்ந்திருக்க முடியாது. வீடியோவின் அடிப்படைக் குணமே நிற்காமல் ஓடுவது. ஓவியத்தின் அடிப்படைக் குணம் நம்மை நிற்க வைப்பது. இந்த இரண்டும் ஒத்துப்போக வேண்டுமென்றால், அத்தை கையிலிருக்கும் ரிமோட்டின் வேலையை எடிட்டர் செய்ய வேண்டும்.

ஜான் பெர்ஜர் 1972இல் பிபிசிக்காகச் செய்த 'வேஸ் ஆஃப் சீயிங்' தொடரை நம்மில் பலர் புத்தகமாகத்தான் படித்திருக்கிறோம். முதல் பகுதியைத் தேடிப் பாருங்கள். போத்திச்செல்லியின் ஓவியத்தில் வீனஸின் தலையைக் கத்தியால் வெட்டி எடுப்பதோடு தொடங்கும் (நகல்தான், பயப்பட வேண்டாம்). கேமரா எதைக் காட்டிவிட்டு எதற்கு நகர்கிறது என்பதாலேயே படத்தின் அர்த்தம் மாறுவதையும், ஓவியத்துக்குப் பின்னணி இசையை மாற்றினால் நம் உணர்ச்சி மாறுவதையும் செய்தே காட்டுவார். கடைசியில், இதையெல்லாம் நானும் உங்களிடம் செய்துகொண்டுதான் இருக்கிறேன், என்னையும் சந்தேகப்படுங்கள் என்கிற பொருளில் சொல்லி முடிப்பார். கரவாஜ்ஜியோவின் ஓவியத்தைப் பள்ளிப் பிள்ளைகளிடம் காட்டி, அவர்கள் நடுவில் உட்கார்ந்திருப்பது ஆணா பெண்ணா என்று சண்டை போடுவதை அப்படியே விட்டிருப்பார். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய எச்சரிக்கை. முரசும் புல்லாங்குழலும் போடும் நம் ஆட்களில் யாரும் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அதற்காக கேமரா அசையவே கூடாது என்று சொல்ல மாட்டேன். அதே 1972இல் சத்யஜித் ராய் தன் ஆசிரியர் வினோத் பிஹாரி முகர்ஜியைப் பற்றி 'தி இன்னர் ஐ' எடுத்தார், இருபது நிமிஷப் படம். முற்றிலும் பார்வை இழந்துவிட்ட ஓவியர் அவர். சாந்திநிகேதன் ஹிந்தி பவனில் பக்தி இயக்கத்துச் சாதுக்களைப் பற்றி அவர் தீட்டிய நீண்ட சுவரோவியம் அதில் வருகிறது. ராயின் கேமரா சுவரோடு பக்கவாட்டில் நடக்கிறது. அந்த ஓவியமே ஆறு மாதிரி பக்கவாட்டில் ஓடுவதால் நடை பொருந்துகிறது. நாம் அங்கே போனாலும் அப்படித்தான் பார்ப்போம். இன்ன ஓவியத்துக்கு இன்ன அசைவு என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். தஞ்சாவூர்ச் சுவர் மேல்நோக்கிப் போகிறது. அதற்குக் கேமரா ஏற வேண்டும், அதுவும் மூச்சு வாங்கி ஏற வேண்டும். நம்மவர்கள் அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சறுக்குகிறார்கள். ஸ்லைடுகளை நகர்த்துவதற்கு மென்பொருளில் கிடைக்கும் தயார் எஃபெக்ட் அது. எந்தப் படத்துக்கும் ஒரே சறுக்கல்தான்.

"சாதாரண ஜனங்களுக்கு இப்படிச் சொன்னாத்தான் புரியும்" என்பது இதற்கு வழக்கமான பதில். பட்டுக்கோட்டையில் ரயில் ஏறித் திருவாரூருக்குப் போனால் இதற்கு மாற்றுச் சாட்சி இருக்கிறது. தியாகராஜர் கோயில் தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில் முசுகுந்தன் கதை. பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பார்கள். சிங்காதனம் என்ற ஓவியர் தன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார். குரங்கு முகம் கொண்ட அரசன் முசுகுந்தன் இந்திரனிடமிருந்து தியாகராஜரைப் பூமிக்குக் கொண்டு வருகிற கதை. ஒன்றுபோலவே ஏழு திருமேனிகளைச் செய்து வைத்து, 'எது நிஜமோ எடுத்துக்கோ' என்கிறான் இந்திரன். ஓவியங்களோடு தமிழில் விளக்கமும் எழுதப்பட்டிருக்கிறது. சாதாரண ஜனங்களுக்கு ஓவியத்தை அறிமுகப்படுத்தும் வேலையை இந்த ஊர் அப்போதே செய்திருக்கிறது, அதுவும் ஓவியத்துக்குள்ளேயே. எழுத்து கீழே தன் பாட்டுக்கு நிற்கும். வேண்டுமென்றால் படிக்கலாம், படிக்காமல் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கலாம், கழுத்து வலித்தால் உட்கார்ந்துகொள்ளலாம். எவ்வளவு நேரம் என்பதை ஓவியர் முடிவு செய்யவில்லை. டேவிட் ஷுல்மனும் புகைப்படக் கலைஞர் வி.கே. ராஜாமணியும் சேர்ந்து 2011இல் கொண்டுவந்த பெரிய நூல் இந்த ஓவியங்களை அந்த நிதானத்தோடு பக்கம் பக்கமாகக் காட்டுகிறது. (சுந்தரர் திருத்தொண்டத்தொகை பாடியதாகச் சொல்லப்படுவதும் இதே தேவாசிரிய மண்டபத்தில்தான். கதைகளுக்கு இந்த டெல்டாவில் ஊர் மாறுவதில்லை.)

விளக்கமே இல்லாவிட்டாலும் ஜனங்கள் பார்ப்பார்கள். சரஸ்வதி மகால் அருங்காட்சியகத்தில், மனித முகங்களையும் மிருக முகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஷார்ல் லெ ப்ருன் வரைந்த படங்கள் இருக்கின்றன. பிரெஞ்சு ராஜா பதினான்காம் லூயியின் ஓவியர். அங்கே நின்று பாருங்கள். குடும்பம் குடும்பமாக வருகிறவர்கள் ஆந்தை முகக்காரரின் முன்னால் நின்று, "இது அப்படியே நம்ம மாமா" என்று சிரித்து, திரும்ப வந்து இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போகிறார்கள். லெ ப்ருன் யாரென்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படங்கள் எதைக் கேட்டனவோ, அதாவது முகத்தை முகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை, கச்சிதமாகச் செய்துவிட்டார்கள்.

தொழில்நுட்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை, என் தொழில் என்பதால். 'மூலிகைச் சாறுகளால் வரையப்பட்டது, அதனால்தான் ஆயிரம் ஆண்டாக அழியவில்லை' என்று ஒரு வீடியோ சொன்னதை அடுத்த பத்து வீடியோக்கள் பிரதி எடுத்திருக்கின்றன. 1930களிலேயே சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் இந்தப் பூச்சை ஆராய்ந்து எழுதிவிட்டார். ஈரச் சுண்ணாம்பின் மேல் வரைந்த முறை இது என்பது அவர் முடிவு. காவி, மஞ்சள் மண், சுண்ணாம்பு வெள்ளை என்று நிறங்கள் பெரும்பாலும் மண்ணும் கல்லும். சுண்ணாம்பு காய்வதற்குள் கை முடித்தாக வேண்டும். காய்ந்தபின் திருத்த முடியாது. மூலிகையைவிட இது எவ்வளவு சுவாரசியம்! அந்த ஆடும் பெண்களின் இடுப்பு வளைவு ஒரே இழுப்பில் வந்த கோடு என்று தெரிந்தபின் பார்ப்பவர் அதைத் திரும்ப ஒரு தடவை பார்ப்பார். தகவல் ஒன்று வீடியோவுக்குத் தேவைதானா என்பதற்கு நான் வைத்திருக்கும் சோதனை இவ்வளவுதான்: அதைக் கேட்டதும் கண் திரும்ப ஓவியத்துக்குப் போகிறதா? மூலிகை என்றால் கண் போவதில்லை, பெருமைதான் வருகிறது.

அந்தப் பெருமையின் இன்னொரு பலி நாயக்கர் கால ஓவியங்கள். எல்லா வீடியோவிலும் அவர்களுக்கு வில்லன் வேஷம்: சோழர் ஓவியத்தை 'மறைத்தவர்கள்'. பழைய பூச்சு மங்கிய சுவரில் புதிதாகப் பூசி வரைவது அன்றைக்குக் கோயிலைப் பராமரிக்கும் வழி. அந்த மேல்பூச்சு இருந்ததால்தான் அடியில் உள்ளது விளக்குப் புகையிலிருந்தும் கைபடுவதிலிருந்தும் இத்தனை காலம் ஒதுங்கியிருந்தது. தொல்லியல் துறை பின்னாளில் அந்த மேல் ஓவியங்களில் சிலவற்றைச் சுவரிலிருந்து தோல் உரிப்பதுபோலப் பிரித்தெடுத்து, ஃபைபர்கிளாஸ் பலகைகளுக்கு மாற்றியது. கீழே இருந்த சோழர் ஓவியம் வெளியே வந்தது. மேலே இருந்ததும் சிதையவில்லை. இரண்டு காலத்தையும் காப்பாற்றிய அசாத்தியமான வேலை. வீடியோக்களில் இது ஒற்றை வரி. பலகைக்குப் போன ஓவியங்களில் என்ன வரைந்திருக்கிறது என்று காட்டிய வீடியோ ஒன்றைக்கூட நான் இதுவரை பார்க்கவில்லை.

யாராவது எடுத்தால் ட்ரோன் வேண்டாம். பலகையின் ஓரத்திலிருந்து ஆரம்பிக்கட்டும். பக்கவாட்டில், மிக அருகில் கேமராவை வைத்து, அந்தப் பூச்சு எவ்வளவு தடிமன் என்று முதலில் காட்டட்டும். அதன்பிறகு மெதுவாக முன்பக்கம் வரலாம்.